ஒரு ஆல்ட்டோ, ஐந்து ஹோஸ், நாலு காரணம்

வண்டி, 796 சிசி மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள மாருதி ஆல்ட்டோ. பத்து வயது தாண்டியது, ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியது. பெரும்பாலும் சென்னை நகரத்துக்குள் ஓட்டம். புகார் இரண்டு. காலையில் வண்டி நின்ற இடத்தில் முன்பக்கம் இரண்டு மூன்று சொட்டு ஈரம். சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் முன்பைவிட நெடுநேரம் சுற்றுகிறது. ஆனால் ரிசர்வ் டேங்கில் தண்ணீர் எப்போதும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் குறையவில்லை என்று விட்டிருந்தார்கள்.

இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. தண்ணீர் கழுத்துவரை நிற்கவில்லை, இரண்டு விரற்கடை கீழே இருந்தது. ரிசர்வ் டேங்க் நிறைய, ரேடியேட்டர் குறைய. இந்த முரண்பாட்டுக்கு விடை ஹோஸ்களில்தான் இருந்தது.

மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும் வண்டிகளில் எஞ்சின் சூடானால் தண்ணீர் விரிந்து, மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் டேங்குக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே தண்ணீர் மெல்லிய குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். அந்த வழியில் எங்காவது காற்றுக்கு இடம் கிடைத்தால் தண்ணீரை இழுப்பதைவிடக் காற்றை இழுப்பது சுலபம். டேங்க் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் நாளுக்கு நாள் காலியாகும். மூடியே விரிவு டேங்கின் மேல் இருக்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் டேங்கும் சேர்ந்து அழுத்தத்தில் இருக்கும்.

வண்டிக்கு வண்டி சின்ன ஹோஸ்கள் கூடுதலாக இருக்கும். இங்கே எடுத்துக்கொண்டவை ஐந்து: ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் ஜோடி, ரிசர்வ் டேங்கின் மெல்லிய குழாய். இவற்றில் நாலு கெட்டிருந்தன, ஒவ்வொன்றும் வேறு காரணத்தால். ரப்பரை மட்டும் மாற்றிக் காரணத்தை விட்டுவைத்தால் புது ஹோஸும் அதே வழியில்தான் போகும் என்பதால், கழற்றும் முன்பே பார்க்க வேண்டியவற்றில்தான் அதிக நேரம் செலவானது.

கழற்றும் முன் கண்டவை

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க வேண்டும். ஏசி தண்ணீர் டேஷ்போர்டுக்கு நேர் கீழே, எஞ்சினுக்குப் பின்னால் சொட்டும். வாட்டர் பம்ப் கசிந்தால் பெல்ட் இருக்கும் பக்கம், பம்புக்கு அடியில் உள்ள சின்ன ஓட்டையிலிருந்து தடம் இறங்கும். இந்த வண்டியில் தடம் ரேடியேட்டரின் கீழ்க் கழுத்தில், அதாவது கீழ் ஹோஸ் மாட்டும் குழாய் முனையில், தொடங்கியது. வெள்ளையாக உப்புப் பூத்த ஒரு வளையம், அதிலிருந்து கீழே ஒரு கோடு. கூலன்ட் ஊற்றிய வண்டியாக இருந்தால் பச்சையோ சிவப்போ நிறம் காட்டிக் கொடுத்திருக்கும். இதில் ஓடியது பெரும்பாலும் போர் தண்ணீர்.

பிறகு விரலால் அழுத்திப் பார்ப்பது. எல்லோரும் ஹோஸின் நடுவில் அழுத்துவார்கள். நடுப்பகுதி கடைசிவரை நன்றாகத்தான் இருக்கும். அழுத்த வேண்டிய இடம் கிளாம்பை ஒட்டிய இரண்டு அங்குலம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துக் கிள்ளுவதுபோல் அழுத்தி, நடுப்பகுதியோடு ஒப்பிட வேண்டும். மேல் ஹோஸின் எஞ்சின் பக்க முனை நடுப்பகுதியைவிடத் தெளிவாக மெத்தென்று இருந்தது. உள்ளே வெடிப்பு என்பதற்கு வெளியே கிடைக்கும் ஒரே அடையாளம் இது.

மூடியைத் திறந்திருக்கும்போதே மல்டிமீட்டர் சோதனையும் செய்தாகிவிட்டது. மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனை ரேடியேட்டர் தண்ணீருக்குள், உலோகத்தில் படாமல். எஞ்சின் ஓட்டத்தில், ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டுப் பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. இதில் 0.4 வரை ஏறியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட் துருவேறித் தளர்ந்திருந்தது. அதைக் கழற்றித் தேய்த்து முடுக்கியதும் அளவு இறங்கியது. பத்து நிமிட வேலை இது. மேல் ஹோஸ் ஏன் உள்ளே வெடித்தது என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

இன்னொரு சோதனையும் சேர்த்துச் செய்துவிடலாம். குளிர்ந்த எஞ்சினை மூடியோடு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்னும் சூடே ஏறாத நிலையில் ஹோஸ் கல்லாக விறைத்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங்) சந்தேகம். அந்த வண்டிக்கு ஹோஸ் மாற்றுவது வீண் செலவு. இந்த வண்டியில் ஹோஸ் தளர்வாகவே இருந்தது.

வாங்கியவை

மேல், கீழ் ஹோஸ்கள் வளைவோடு வார்க்கப்பட்டவை. பாகத்தின் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மாடல் பெயரை மட்டும் சொன்னால் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு கடைக்காரரும் எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்பார். பழைய ஹோஸின் படத்தைக் காட்டி வளைவை ஒப்பிடுவது நல்லது. நேர் ஹோஸை வெட்டி வளைத்து மாட்டினால் வளைவில் மடிந்து தண்ணீர் ஓட்டம் குறுகும். புது ஹோஸின் வெட்டு முனையைப் பார்த்தால் இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே நூல் பின்னல் தெரிய வேண்டும். பின்னல் இல்லாத வெறும் ரப்பரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. பழைய கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, சுருள் இல்லாவிட்டால் அதிக வேகத்தில் ஹோஸ் சப்பிப்போகும்.

ஹீட்டர் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கும், வளைவு பெரிதாக இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பெட்ரோல் ஹோஸ் வேறு, இது வேறு. ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் இ.பி.டி.எம். ரப்பர்: சூட்டையும் கூலன்டையும் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. பெட்ரோல் ஹோஸின் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், ஆனால் இந்தச் சூட்டில் சீக்கிரம் கட்டையாகிவிடும்.

இவற்றோடு: ஸ்பிரிங் கிளாம்ப்கள், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கேஸ்கெட், ஒரு லிட்டர் அடர் கூலன்ட் இரண்டு பாட்டில், ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், பழைய மூடியில் பொறித்திருந்த அதே 0.9 அளவில் புது மூடி ஒன்று. சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ அழுத்தம் என்பதுதான் அந்த எண். இந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று மாற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. கூடுதல் அழுத்தம் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கையும், டேஷ்போர்டுக்குள் குட்டி ரேடியேட்டர்போல் இருக்கும் ஹீட்டர் கோரையும்தான் முதலில் பதம் பார்க்கும்.

கழற்றுதல்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். சில வண்டிகளில் சாவி அணைத்த பிறகும் ஃபேன் சுற்றும், கை உள்ளே இருக்கும் நேரத்தில் அது வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது, ஸ்டாண்டு வைத்த பிறகே தலை உள்ளே போகலாம்.

எட்டு லிட்டர் பிடிக்கும் அகலத் தட்டை அடியில் வைத்து, மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியில் உள்ள பிளாஸ்டிக் பிளக்கைக் கையால் திருக வேண்டும். திருகவில்லையென்றால் பிளேயர் போட்டு மல்லுக்கட்டக் கூடாது, உடைந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டி வரும். அதை விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றினாலே தண்ணீர் வந்துவிடும், கொஞ்சம் சட்டை நனையும், அவ்வளவுதான். வந்த தண்ணீர் செம்மண் நிறம், சுமார் இரண்டரை லிட்டர். எண்ணெய்ப் படலம் இல்லை.

பழைய ஹோஸை இழுத்துக் கழற்ற முயல்வதுதான் இந்த வேலையில் மிகவும் விலையுயர்ந்த தவறு. வருஷக்கணக்கில் சூட்டில் இருந்த ரப்பர் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். ரேடியேட்டர் கழுத்தோ கண்ணாடி இழை கலந்த நைலான், வயதானால் முறுக்குப்போல் நொறுங்கும். ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பினால் கழுத்தின் விளிம்பு பெயரும். கிளாம்பை நகர்த்திவிட்டு, ஹோஸை அகல வாய் பிளேயரால் மெதுவாகப் பிடித்து இடமும் வலமும் சுழற்ற வேண்டும். சுழன்றால் வந்துவிடும். சுழலவில்லையென்றால் எப்படியும் தூக்கிப்போடப் போகிற ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுத்துவிடலாம். பிளேடு ரப்பரின் முக்கால் ஆழத்தோடு நிற்க வேண்டும், கழுத்தில் கோடு விழக்கூடாது. ஹீட்டர் கோர் குழாய்களுக்கு உரிப்பது ஒன்றே வழி. அங்கே பலம் காட்டினால் மெல்லிய குழாய் கோணிக்கொண்டு, டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலையில் கொண்டுபோய் விடும்.

ஸ்பிரிங் கிளாம்பைப் பிளேயரால் அமுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது அவசியம். வழுக்கினால் முகத்துக்கு நேராகத்தான் பாயும்.

வெட்டிப் பார்த்தபோது

கீழ் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் கம்பெனி ஸ்பிரிங் கிளாம்ப் இல்லை. முன்பு எப்போதோ செய்த வேலையில் ஸ்க்ரூ வைத்த கிளாம்ப் மாட்டி, இனி முடியாது என்னும்வரை முடுக்கியிருந்தார்கள். கிளாம்பின் துளைகளுக்குள் ரப்பர் பிதுங்கி, அடியில் ஆழமான பள்ளம். ரப்பர் நசுங்கிய வடிவிலேயே நின்றுவிட்டது. சூட்டில் எல்லாம் விரியும்போது இடைவெளி அடைபடும், ஆறும்போது கழுத்தும் ரப்பரும் சுருங்கும், ஸ்க்ரூ கிளாம்ப் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கசிவு காலையில் மட்டும். கசிந்தால் இன்னும் ஒரு சுற்று முடுக்கு என்பது இங்கே தலைகீழ் வைத்தியம், அந்தக் கூடுதல் சுற்றுதான் நோயே. ஸ்பிரிங் கிளாம்ப் ரப்பர் சுருங்கினால் தானும் சுருங்கி அதே பிடியைக் கொடுக்கும், வண்டிக் கம்பெனிகள் அதைப் போடுவது இதற்காகத்தான்.

மேல் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தது. நீளவாக்கில் பிளந்தபோது எஞ்சின் பக்க முனையில், உள் சுவரில், கத்தியால் கீறியதுபோல் நீளவாக்கில் மெல்லிய வெடிப்புகள். ஒன்றை மடக்கிப் பிளந்தால் வெடிப்பு நூல் பின்னல்வரை இறங்கியிருந்தது. எஞ்சினின் அலுமினியம், இரும்பு, கார்பன் கலந்த ரப்பர், நடுவில் மின்சாரம் கடத்தும் நீர்: எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து ரப்பரை உள்ளிருந்து அரிக்கும். துரு தடுப்பு மருந்து இல்லாத போர் தண்ணீரும், தளர்ந்த எர்த் வயரும் அதை வேகப்படுத்தும். வெடிப்பு நூலைத் தொட்டபின் நூல் ஈரமாகி வலுவிழக்கும், பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் பிளக்கும். மேல் ஹோஸ் பெரும்பாலும் கசிவதில்லை, வெடிக்கிறது, இதுவே காரணம்.

ஹீட்டர் ஜோடியில் ஒன்று வால்வ் கவருக்குக் கீழே போகிறது. அந்த இடத்தில் உப்பி, பஞ்சுபோல் மெத்தென்று, தொட்டால் கையில் கறுப்பு ஒட்டியது. வால்வ் கவர் பேக்கிங்கிலிருந்து கசிந்த எஞ்சின் ஆயில் அதன்மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜோடியில் மற்றது நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே வயது, தண்ணீரும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது என்பதால் அதுவும் மாற்றப்பட்டது.

நாலாவது மெல்லிய குழாய். ரேடியேட்டர் கழுத்தை ஒட்டி நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு, குழாயை வளைத்தால்தான் தெரிந்தது. சூட்டில் கட்டையாகி வெடித்த சாதாரண வயோதிகம்தான், இதில் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் ரேடியேட்டர் காற்றைக் குடித்தது முக்கியமாக இந்த வழியில்தான். மாற்ற ஆன செலவு ஒரு நல்ல காப்பிக்கு ஆகும் செலவுக்குப் பக்கம்.

கழுத்துகளைத் தயார் செய்தல்

புது ஹோஸ் கசிந்தால் பத்தில் ஒன்பது இடத்தில் குற்றம் கழுத்தில் இருக்கும். நைலான் கழுத்தை ஈரத் துணியால் துடைத்து, விரல் நகத்தைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தபோது வெடிப்பு ஏதும் தட்டவில்லை. எஞ்சின் பக்க அலுமினியக் கழுத்தில் வெள்ளை உப்பு கட்டியிருந்தது. அதை மரச் சீவலால் சுரண்டிவிட்டு, 400 நம்பர் எமரி தாளை ரிப்பன் மாதிரி கிழித்துக் கழுத்தைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்க்கவே கூடாது. நீளக் கீறல் ஒவ்வொன்றும் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால். சுற்றுக் கீறல் தடுப்பணை. தேய்த்த பிறகும் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றிவிடுவது நல்லது.

சிலிக்கோன் பசை தடவும் பழக்கம் வேண்டாம். காயும் முன் அது வழுக்கும், அழுத்தத்தில் ஹோஸ் நழுவும். உள்ளே பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

தெர்மோஸ்டாட்டையும் இந்தச் சந்தில் கழற்றிப் பார்த்துவிடலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் முழுக்க மூட வேண்டும். நம் ஊர் சூட்டுக்கு இது எதற்கு என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஓடும் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், அதுவரை பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மாட்டுதல்

கிளாம்பை முதலில் ஹோஸில் கோத்துவிட வேண்டும். பிறகு கழுத்தில் கொஞ்சம் கூலன்டோ சோப்புத் தண்ணீரோ தடவித் தள்ளினால் ஹோஸ் சுலபமாக ஏறும். கிரீஸும் ஆயிலும் கூடாது, ஹீட்டர் ஹோஸுக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். கழுத்தின் தடுப்பு விளிம்பில் முட்டும்வரை ஏற்றி, ஹோஸின் அடையாளக் கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலாக மாட்டிய ஹோஸ் எஞ்சின் அசையும்போதெல்லாம் கழுத்தை முறுக்கும். கிளாம்ப் உட்கார வேண்டியது கழுத்தின் மேட்டுக்கும் ஹோஸின் முனைக்கும் நடுவே, முனையிலிருந்து நாலைந்து மி.மீ. உள்ளே தள்ளி. மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் ஹோஸை வெட்டும். கிளாம்பின் காதுகள் ஃபேன் பக்கம் நீட்டாமல், அடுத்த முறை பிளேயர் எட்டும் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

ஸ்க்ரூ கிளாம்ப்தான் கிடைத்தது என்றால், ஹோஸின் வெளி விட்டம் அதன் அளவு வரம்பின் நடுவில் விழும்படி வாங்க வேண்டும். சுமார் 3 நியூட்டன் மீட்டர் விசையில் முடுக்கினால் போதும். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இல்லாதவர்களுக்கு ஒரு அடையாளம்: ரப்பர் பட்டையின் விளிம்பில் லேசாக எழும்பும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு முறை சூடாகி ஆறியபின் கால் சுற்று மட்டும் சரிபார்க்கலாம்.

நிரப்புதல்

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பலரும் தவறவிடுவது. பழைய செம்மண் தண்ணீர் தெளியும்வரை குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசி இரண்டு முறை டிஸ்டில்ட் வாட்டரில் அலசியாகிவிட்டது. ஆனால் அலசிய தண்ணீரில் சுமார் ஒரு லிட்டர் எஞ்சின் பிளாக்கிலேயே தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்டை இரண்டரை லிட்டர் ஊற்றினால் உள்ளே கிடைப்பது 36 சதவீதம்தான். அதனால் அடர் கூலன்டை முதலில் ஒன்றே முக்கால் லிட்டர் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்பினால் 50 சதவீதம் வரும். சென்னைக்குப் பனி பயம் இல்லை, இங்கே கூலன்ட் ஊற்றுவது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை ஏற்றவும். பச்சை, சிவப்பு என்று வகைகளை மட்டும் கலக்கக்கூடாது. நிறத்தை நம்பாமல், கையேட்டில் சொன்ன வகையையே வாங்க வேண்டும்.

வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட வேண்டும்; காற்று குமிழ்விட்டு வெளியேறும். பேட்டரியை மாட்டி, மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மட்டம் திடீரென்று இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம், நிரப்ப வேண்டும். திறந்த கழுத்துக்கு மேல் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது, குமிழ் வெடித்துச் சுடுநீர் எம்பும். தண்ணீர் பொங்கத் தொடங்கினால் மூடிவிடலாம். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றபின் எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும்.

மறுநாள் காலை பார்த்தபோது ரிசர்வ் டேங்கின் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது, ரேடியேட்டர் கழுத்துவரை நிறைந்திருந்தது. உறிஞ்சும் வழி சரியாகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று. அழுத்தச் சோதனைப் பம்பை மாட்டி 0.9 வரை ஏற்றிப் பத்து நிமிடம் விட்டதில் முள் இறங்கவில்லை. மூடியின் அளவுக்கு மேல் ஏற்றிச் சோதிக்கக் கூடாது.

வடித்த கூலன்டைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டக்கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் குழந்தையும் நக்கினால் சிறுநீரகத்தையும் உயிரையும் எடுக்கும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பணிமனையில் கொடுத்துவிடலாம்.

வால்வ் கவர் பேக்கிங் அன்று கையில் இல்லை. அது மாற்றும்வரை புது ஹீட்டர் ஹோஸின்மேல், ஆயில் சொட்டும் இடத்தில், ஒரு பழைய டியூபை நீளமாக வெட்டி உறையாகச் சுற்றியிருக்கிறது. டியூப் ரப்பரும் ஆயிலில் ஊறும், அதனால் ஒரு மாதத்துக்கு மேல் அதை விட்டுவைக்க முடியாது.